தம்பி பாடிய சாயங்காலம்

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று கணபதி ஏரியாவில் என் மோட்டார் பட்டறையில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். ஓடுகிற மோட்டார் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டால் போதும், எந்த பேரிங் எப்போது போகும் என்று சொல்லிவிடுவேன். படித்த இன்ஜினியர்கள் மெஷின் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் நான் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டு போவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தக் காதால் தம்பி பாட்டை மட்டும் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

வெள்ளகோவிலிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறி வந்தோம். என்னிடம் ஃபிட்டராக இருந்த தம்பியை, மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலையில் ஒரு எஸ்டேட்டுக்கு பம்ப் மாட்ட அனுப்பினேன். ஒரு வார வேலையை ஒரு மாதம் இழுத்துவிட்டு, கையில் பழைய கிடாரோடு வந்து நின்றான். பங்களாவில் இருந்த வயதான வெள்ளைக்காரர் சொல்லிக் கொடுத்தாராம். கன்ட்ரி மியூசிக் என்றான்.

"அது என்னடா பாட்டு?"

"மாடு, ரயிலு, லாரி, ஊட்டை உட்டுப் போன பொம்பளைங்ணா. நம்ம சந்தையில பேசறதுதான், அவங்க இங்கிலீசுல பாடறாங்க."

"அதுக்கு நம்மூரு மாட்டுக்காரனே போதுமே."

"அவன் உங்களுக்குப் பயந்துட்டுப் பாட மாட்டேங்கறானுங்ணா."

அவனும் அப்படித்தான். நான் உள்ளே நுழைந்தால் கிடாரைச் சுவரோரம் சாய்த்துவிடுவான். முப்பது வருஷம் அப்படியே போனது. பாடு என்று நானும் சொன்னதில்லை.

மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பெரிய திறந்தவெளி அரங்கம் இருக்கிறது. சரிவை வெட்டி அரைவட்டமாகப் படி கட்டி, ஆயிரக்கணக்கில் உட்காரலாம். மேடைக்குப் பின்னால் மலை. அங்கே புல்லுக்குத் தண்ணீர் இறைப்பது என் மோட்டார்தான். மழை விட்டதும் வருஷா வருஷம் அங்கே கன்ட்ரி மியூசிக் கச்சேரி நடக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால், பெரிய குழுக்கள் ஏறுவதற்கு முன் தம்பிக்கு அரைமணி நேரம் கொடுத்தார்கள். அவன் மகள் என் போனுக்கு பாஸ் அனுப்பினாள். முதல் வரிசை, இரண்டு இடம்.

எங்கள் பக்கம் அப்படிப் போகமாட்டோம். வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வாயால் கூப்பிட வேண்டும். கூடப்பிறந்தவனே ஆனாலும் கூப்பிட வேண்டும். கூடப்பிறந்தவன் என்பதால் இன்னும் கட்டாயம். அவன் வரவில்லை. போன்கூடப் பண்ணவில்லை.

"ஏனுங்க, மணி நாலாச்சு. தம்பிதானுங்களே, பொறப்படுங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

"தம்பின்னா வந்து கூப்புடோணுமல்லோ? போன்ல படம் அனுப்புனா நான் போயிருவனா?"

"அப்பறம் எதுக்குங்க சலவைச் சட்டை போட்டு உக்காந்திருக்கீங்க?"

"வந்தான்னா ஒடனே கெளம்போணுமல்ல."

விளக்குப் போடும்வரை அந்தச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு கழற்றி மாட்டிவிட்டுச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து அவன் மகள் வந்தாள். தம்பிக்குக் குரல்வளையில் புற்றுநோய். ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கச்சேரிக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டாராம். அது முடியட்டும் என்று தம்பிதான் தள்ளிப்போட்டிருக்கிறான். அதுவரை தொண்டை தாங்க வேண்டுமென்றால் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று உத்தரவு.

"அதுதானுங்க பெரியப்பா, கூப்புட வரல. வந்து பேசாம நின்னா நீங்க கண்டுபுடிச்சிருவீங்க, கண்டுபுடிச்சா பாட உடமாட்டீங்கன்னு எழுதிக் காட்டுனாரு."

"நீயாச்சும் வந்திருக்கலாமல்ல, அம்மணி?"

"பாஸு அனுப்புனாப் போதும், எங்கண்ணன் வந்துருவாருன்னு எழுதுனாருங்க."

போனில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். மேடையில் தம்பி கிடாரோடு நிற்கிறான். மைக்கில் குனிந்து, "ஒரு நிமிசம் இருங்க. எங்கண்ணன் வந்துட்டிருக்காரு" என்கிறான். கூட்டம் விசிலடிக்கிறது. முதல் வரிசையைப் பார்க்கிறான். மறுபடி, "வந்துருவாருங்க." அதோடு வீடியோ நின்றுவிட்டது.

"மீதி எங்க, கண்ணு?"

"உங்களைப் பாக்கறதுக்கு வாசல் கேட்டுக்கு ஓடிட்டனுங்க பெரியப்பா. அங்கியே நின்னுட்டேன். திரும்பி வரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

வேறு யாரும் எடுத்திருக்கிறார்களா என்று விசாரிக்காத இடமில்லை. பேர் தெரியாத ஒரு கிழவன் பாடியதை யார் எடுப்பார்கள்?

போன வருஷம் நான் வெற்றிலை பாக்குத் தட்டோடு அவன் வீட்டுக்குப் போனேன். அந்த அரங்கத்தில் கச்சேரி, வந்துவிடு என்று வாயால் கூப்பிட்டேன். தட்டை வாங்கிக்கொண்டான். கழுத்தில் மூச்சு விடுகிற துளையை மறைத்துத் துணி கட்டியிருந்தான். சொன்ன நேரத்துக்கு முன்பே தயாராகி நின்றான்.

முதல் வரிசையில் உட்கார்ந்தோம். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய தொப்பி வைத்த ஒருவன் கிடாரோடு பாட ஆரம்பித்தான். ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. தம்பி வாய் அசைவதைப் பார்த்தேன். அத்தனை வரியும் அவனுக்குத் தெரிந்திருந்தது. குனிந்து, மோட்டாருக்கு வைப்பதுபோல, அவன் உதட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். காற்றுகூட வரவில்லை. மூச்சு கீழே கழுத்துத் துணியில்தான் போய் வந்துகொண்டிருந்தது. இன்னும் நெருங்கி வைத்தேன்.

மேடையை மறைத்த என் தலையைக் கையால் ஒதுக்கிவிட்டு, அவன் மறுபடி வாயை அசைத்தான்.