தொடாத விரல்

ஒரு தாயின் இடது கண் என்னால் போயிற்று. அந்தப் பழியை அவருடைய மகளின் விரல்மேல் சுமத்திவிட்டு, எட்டு ஆண்டுகளாக நல்லவன்போல் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சுற்றிவளைத்தால் நடுவில் எங்காவது என்னை நானே மன்னித்துக்கொண்டுவிடுவேன்... அந்தச் சாமர்த்தியம் எனக்கு உண்டு.

அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. ஒரு பக்கம் பஞ்சர் கடை, மறுபக்கம் பரோட்டாக் கடை. போட்டிகளில் சுடுகிறவர்களுக்குக் காற்றுத் துப்பாக்கி செய்து தருவது என் தொழில். வெடிமருந்து கிடையாது. அடைத்துவைத்த காற்று சின்ன ஈயக் குண்டைத் தள்ளும். அது பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையில், பேனா முனை அளவுள்ள ஒரு புள்ளியில் போய்ப் பட வேண்டும். குழாயை மட்டும் வெளியிலிருந்து வாங்குவேன். தோளில் பொருந்தும் கட்டை, விசை, விசைக்குள் இருக்கும் கொக்கி எல்லாம் என் கைவேலை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அச்சு வார்ப்பு வேலை பார்த்துப் பழகிய கை.

நீங்கள் ஒரு துப்பாக்கி கேட்டு வந்தால், உங்கள் தோளை அளப்பேன். கழுத்தை, முழங்கையை, உள்ளங்கையை அளப்பேன். உங்கள் உடம்புக்கென்றே அதைச் செய்வேன். அதில் எனக்கு அப்படியொரு கர்வம்!

அந்தக் கர்வத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

கௌசல்யா பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தன் அம்மாவோடு வந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒடிசலான பெண். கல்லூரித் துப்பாக்கி அவளுக்கு நீளம் அதிகம். அதைத் தூக்கிப் பிடித்தே தோள்பட்டை கன்றியிருந்தது. அப்படியும் மாவட்டத்தில் முதலாவதாக வந்திருந்தாள்.

அம்மாவின் பெயர் மாதம்மாள். குச்சிக்கிழங்குக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே கை கழுவிவிட்டு பஸ் ஏறியதுபோல் இருந்தார். பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க, இது ஆளைக் கொன்னு போடுமுங்களா?"

நான் சிரித்தேன். "இல்லீங்கம்மா. அட்டையத்தான் ஓட்டை போடும்."

"பொட்டப்புள்ள கையில குடுக்கறமே... அதான் கேட்டேனுங்க."

கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். நான்தான் சிரித்தேன்.

அவளுக்கான கட்டையை வாகை மரத்தில் செதுக்கினேன். அவள் கன்னம் சாயும் இடத்தைத் திரும்பத் திரும்ப இழைத்தேன். விசையை இதுவரை யாருக்கும் செய்யாத அளவு மென்மையாக்கினேன். வெளிநாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைத் தொட்டுப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும்... அதுதான் என் ஆசை. அவள் கையில் கொடுத்தபோது பெருமையாகச் சொன்னேன்: "நெனச்சாலே சுடும்மா!"

ஆனால் அதற்கு முன்பே எனக்கு ஒன்று தெரியும்.

எந்தத் துப்பாக்கியையும் கொடுப்பதற்கு முன், அதன் அடிக்கட்டையை மேசைமீது தட்டிப் பார்ப்பேன். தட்டினால் சுடக் கூடாது. விசையைப் பிடித்து வைத்திருக்கும் கொக்கி அந்த அதிர்ச்சியைத் தாங்க வேண்டும். அன்று பலமுறை தட்டினேன். தாங்கியது. இன்னொரு முறை தட்டினேன்... விரல் படாமல், தானாகவே சுட்டுவிட்டது.

விசை மென்மையாக வேண்டுமென்று கொக்கியை அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டேன் என்று அந்தக் கணமே புரிந்தது. கழற்றி, வேறொன்று வெட்டிப் போட்டிருக்க வேண்டும். மாநிலப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. புதிதாகச் செய்தால் அவள் பழக நாள் இருக்காது. போட்டியில் என் துப்பாக்கி இருக்காது!

அவள் கவனமான பெண், பதமாகத்தான் வைப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி தட்டிப் பார்க்கவே இல்லை. ஏன் தட்டவில்லை? பதில் எனக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான்.

கௌசல்யா பயிற்சி செய்தது அவர்கள் காட்டில் இருந்த பழைய கோழிக் கொட்டகையில். ஒரு கோடியில் மேசை, மறு கோடியில் அட்டை. ஒரு காலை நேரம். குண்டு போட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவிழ்ந்துகொண்டு ஓடிய ஆட்டுக்குட்டி ஒன்று பக்கவாட்டு வழியாக அட்டை இருந்த பக்கம் புகுந்துவிட்டது. அதைப் பிடிக்க மாதம்மாள் உள்ளே வந்தார்.

அம்மாவைப் பார்த்ததும் மகள் செய்ய வேண்டியதைச் செய்தாள். விரலை எடுத்தாள். துப்பாக்கியை இறக்கினாள். அடிக்கட்டை மேசையில் பட்டது...

அவ்வளவுதான்.

சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

சில நாள் கழித்துக் கௌசல்யா பட்டறைக்கு வந்தாள். தனியாக. துப்பாக்கிப் பையை மேசைமீது வைத்தாள். வைத்த உடனே நாலடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டாள். முகம் வற்றிப்போயிருந்தது.

"அண்ணா, நான் ட்ரிகரத் தொடவே இல்லீங்கண்ணா. எடுத்துட்டேன். சும்மா மேசையில வெச்சேன், தானா சுட்டுடுச்சு. அப்பிடி ஆகுமாங்கண்ணா?"

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஒரே ஒரு சொல் போதும். ஆகும். அந்தச் சொல் என் தொண்டை வரை வந்தது.

பட்டறை மூடப்படுவதை நினைத்தேன். போலீஸை நினைத்தேன். பரோட்டாக் கடையில் உட்கார்ந்து பேசப்போகிற வாய்களை நினைத்தேன். பையைத் திறந்தேன். எதையோ ஆராய்வதுபோல் வெகுநேரம் பார்த்தேன். என்ன நடிப்பு!

"ஆகாதும்மா," என்றேன். "துப்பாக்கி சரியாத்தான் இருக்குது. பதட்டத்துல விரல் பட்டிருக்கும். உனக்கே தெரியாமப் பட்டிருக்கும்."

அவள் தன் வலக்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்...

"நெனச்சாலே சுடும்னு சொன்னீங்களேண்ணா," என்றாள் மெல்ல. "நான் அப்பிடி நெனச்சிருப்பேனாங்கண்ணா?"

நான் பையை மூடினேன்.

அவள் அழக்கூட இல்லை. துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நேரே வீட்டுக்குப் போய், "பட்டறை அண்ணன் பாத்துட்டாரு, எம்மேலதான் தப்பாம்" என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா எனக்குப் போன் செய்து கேட்டபோது, அவரிடமும் அதையே சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

அன்றே கொக்கியைக் கழற்றிப் புதிது போட்டேன். தேய்ந்த கொக்கி பழைய இரும்போடு போயிற்று. பிறகு வேறு கட்டை பொருத்தி, அதே துப்பாக்கியைக் கிருஷ்ணகிரிப் பையன் ஒருவனுக்குக் கொடுத்தேன். அவன் பதக்கம் வாங்கினான். என் பெயர் வெளியே தெரிந்தது அந்தத் துப்பாக்கியால்தான். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கௌசல்யா அதற்குப் பிறகு சுடவில்லை. படிப்பை முடித்தாள், கல்யாணம் ஆயிற்று, மொரப்பூரில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள் என்று அவ்வப்போது காதில் விழும். கேட்டதும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வரும். நன்றாகத்தானே இருக்கிறாள்! பிறகு என்ன?

இந்த ஆண்டு தொடக்கத்தில் மாதம்மாள் இறந்துவிட்டார். சிறுநீரகக் கோளாறு. செய்தி தெரிந்தும் சாவுக்குப் போகத் துணிவு வரவில்லை. காரியத்தன்று போனேன். ஏன் போனேன்? சொல்லிவிட வேண்டும் என்றா, எதுவும் தெரியாதவன்போல் தலையைக் காட்டிவிட்டு வரவா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வாசலுக்கு வெளியே, வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்துக்குக் கௌசல்யா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கும் ஒரு டம்ளர். அவளாகத்தான் பேச்சை எடுத்தாள்.

"அம்மா மொதல்ல என் பக்கம்தாங்கண்ணா பேசுச்சு. அவ கைய எடுத்துட்டா, நான் பாத்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லுச்சு. நீங்க பாத்துச் சொன்னப்பறம் அதுக்கே சந்தேகம் வந்துடுச்சு. நான் தொடலன்னேதான் சொல்லிட்டிருந்தேன். கண்ணு போனதுகூட அதுக்குப் பெருசில்ல. எம்புள்ள எங்கிட்டயே பொய் சொல்லுதேன்னு, அதான் அதுக்கு வேதன. பட்டுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடு சாமி, நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்னு வருசம் பூரா கேட்டுட்டே இருக்கும்."

நான் காப்பியைக் குடிக்கவில்லை.

"கடைசியில ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப, ஆமாம்மா, பட்டுச்சுன்னு சொல்லிட்டேன். எங்கையப் புடிச்சுக்கிச்சு. அன்னிக்குத்தான் நல்லாத் தூங்குச்சு..." என் பக்கம் திரும்பினாள். "நெசமாலுமே பட்டுச்சாங்கண்ணா? எனக்கே இப்ப வெளங்க மாட்டேங்குது."

அப்போது சொன்னேன். கொக்கியைத் தேய்த்தது, தட்டியபோது தானாகச் சுட்டது, தெரிந்தே கொடுத்தது, தெரிந்தே பொய் சொன்னது. என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அவளுக்குக் கேட்டது.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூட நல்லது என்றிருந்தது. அவள் டம்ளரை ஒரு வண்டியின் சீட்டின்மீது வைத்தாள்.

"அப்ப, எங்கம்மாகிட்ட நான் கடைசியாச் சொன்னதுதான் பொய்யி," என்றாள்.

நான் என் டம்ளரையும் அதன் பக்கத்தில் வைத்தேன்.

"வூட்டுக்குள்ள வாங்க. அப்பா இருக்காரு, மாமாங்க இருக்காங்க, சனம் பூரா இருக்குது. எங்கிட்டச் சொன்னத அங்க வந்து சொல்லுங்க."

அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். நம்புங்கள், சொல்லத்தான் போனேன். கூடத்தில் இலை போட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. சுவரோரம் மாலை போட்ட படம். இளவயதில் எடுத்தது, இரண்டு கண்களாலும் மாதம்மாள் என்னைப் பார்த்தார். கௌசல்யாவின் அப்பா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி. அத்தன தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. ஒக்காருங்க, ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கௌசல்யா கதவோரம் நின்று காத்திருந்தாள்.

"இல்லீங்கய்யா," என்றேன். "பட்டறையில ஆளு காத்துட்டிருக்காங்க. இன்னொரு நாள் வரேனுங்க."

வெளியே வந்து வண்டியை எடுத்தேன்.

அவளே உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவள் எத்தனையோ முறை சொன்னவள்தான். சொன்னபோது யார் நம்பினார்கள்? என் ஒரு வார்த்தைக்கு முன்னால் பெற்ற தாயின் கண் கண்டதே நிற்கவில்லையே! அந்த வீட்டில் உண்மை என் வாயிலிருந்து வந்தால்தான் உண்மை. அப்படி ஆக்கி வைத்தவன் நான்.

பழைய குற்றம் ஒன்றைத்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்தேன். எழுத எழுதத்தான் தெரிகிறது, அது பழையதாகவே இல்லை. அந்தக் கூடத்தில் புதிதாக ஒன்று செய்துவிட்டு வந்திருக்கிறேன். உங்களிடம் சொல்வது எனக்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது, பாருங்கள்! உங்கள் முகம் எனக்குத் தெரியாது. நீங்கள் என் கையைப் பிடித்துச் சாப்பிடச் சொல்லப் போவதில்லை.

கௌசல்யா எப்போதாவது போன் செய்கிறாள். திட்டுவதில்லை, அழுவதில்லை, அம்மாவைப் பற்றிப் பேசுவதுமில்லை. "எப்பங்கண்ணா வர்றீங்க?" என்று மட்டும் கேட்பாள்.

நேற்றும் கேட்டாள்.

"அடுத்த வாரம் வரேம்மா," என்றேன்.