சாயக்காரர் பவுல்துரையும் பாதி வெயிலும்

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் மத்தியில் பவுல்துரையை ‘நம்பாத பவுலு’ என்றுதான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய், முதல் வரிசையில் நின்று, கணீரென்று விசுவாசப் பிரமாணம் சொல்கிற மனிதருக்கு இந்தப் பெயர் பொருந்தாது என்று பாதிரியார்கூட வருத்தப்பட்டதுண்டு. பரலோகம், நித்திய ஜீவன் முதலிய, கண்ணால் பார்க்க முடியாத எல்லாவற்றையும் பவுல்துரை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினார். கண்ணால் பார்க்கக் கூடியவற்றைத்தான் நம்ப மாட்டார்.

இதற்குக் காரணம் ஒரு சாயப்பொடி வியாபாரி. எழுபதுகளின் தொடக்கத்தில், பவுல்துரைக்குத் தொழில் புதிது. “உயிர் போனாலும் சாயம் போவாது” என்று சொல்லி ஓர் அரக்குப் பொடியை அந்த ஆள் விற்றுவிட்டுப் போனான். அதில் முக்கி எடுத்த நூலில் நெய்த புடவையைக் கட்டிக்கொண்டு ஒரு கல்யாணப் பெண் வெயிலில் ஊர்வலம் போனாள். அப்புறம் அந்தப் புடவை தோள் பக்கம் ஒரு நிறமும் கொசுவத்தின் உள்மடிப்பில் வேறொரு நிறமுமாகத் திரும்பி வந்தது. அன்றிலிருந்து பவுல்துரை எந்தச் சாயத்தையும் யார் பேச்சைக் கேட்டும் வாங்கியதில்லை. சிட்டம் என்கிற நூல் சுருள் ஒன்றை முக்கி எடுப்பார். அதில் பாதியை அட்டைக்குள் பொதிந்து, மீதிப் பாதியை வெளியே விட்டு, மொட்டை மாடியில் கட்டித் தொங்கவிடுவார். ஒரு மாதம் கழித்து அட்டையைப் பிரித்து இரண்டு பாதியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒரே நிறமாக இருந்தால் பொடி நல்லது. விற்கிற நூலையெல்லாம் நிழலிலேயே உலர்த்துகிற ஊர் அது. அங்கே வெயிலைப் பார்த்த பட்டு என்றால் பவுல்துரை மாடியில் தொங்குகிற அந்தச் சிட்டங்கள் மட்டும்தான்.

அவர் மனைவி ஜெபராணிக்கு இழை பிணைக்கிற வேலை. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், முடிந்ததும் அவற்றைக் கோத்திருக்கும் அச்சைக் கழற்றி, புதுப் பாவோடு சேர்த்து அவளிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அச்சில் தொங்கும் பழைய நுனி ஒவ்வொன்றோடும் புது இழை ஒன்றைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் ஒரு திரி திரித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இப்படி ஆயிரக்கணக்கில். தறி சும்மா கிடக்கக் கூடாது என்பதால் சாயந்தரம் கொடுத்துவிட்டு விடிந்ததும் வந்து நிற்பார்கள். ஆகவே அவளுடைய பகல் பொழுது விளக்கு வைத்த பிறகுதான் ஆரம்பமாகும்.

எண்பத்தேழில் மழையில்லை. அணையில் தண்ணீர் இல்லை, அதனால் கம்பியில் கரண்ட் இல்லை. சாயந்தரம் ஆனால் தெருவே இருட்டு. ஜெபராணி அரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்தால் புகைக்கரி பறந்து வந்து வெளிர் நிற இழைகளில் உட்கார்ந்துகொள்ளும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொள்வது தொழில், விளக்கிலிருந்து கரி விழுவது குற்றம். அப்படி ஒரு சந்தனப் பாவில் கரி விழுந்துவிட்டது. “இன்னொரு தரம் இப்டி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்க வேண்டிதுதாம்மா” என்று தறிக்காரர் மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். மரியாதையாகச் சொன்னதுதான் ஜெபராணியைக் கலக்கியது.

அந்தச் சமயத்தில்தான் வேலூரிலிருந்து சக்கரவர்த்தி என்ற அதிகாரி ஜீப்பில் வந்தார். பெயரில் இருந்த சாம்ராஜ்யம் ஆளிடம் இல்லை. வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பம், மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கிற தகடுகளை வீடுகளில் வைத்துப் பார்க்க ஏதோ ஒரு திட்டம். இந்தத் தெருவுக்கு ஒன்று. பவுல்துரை முதலில் விண்ணப்பம் போட்டிருந்தார். அடுத்தபடியாகப் போட்டிருந்தவர் எதிர்வீட்டு ராஜவேலு முதலாளி. பத்துத் தறி வைத்திருப்பவர், வீட்டில் ஜெனரேட்டரும் உண்டு. வெளிச்சம் அவருக்குப் பிரச்சினை இல்லை. எதிர்வீட்டில் சத்தமில்லாமல் வெளிச்சம் எரியப் போகிறதே என்பதுதான் பிரச்சினை.

“ஒரு மாசம் பார்ப்போம்” என்றார் சக்கரவர்த்தி. “கரண்ட் போற நேரமெல்லாம் இந்த வெளக்கு எரிஞ்சா தகடு உங்களுக்கே. எரியலைன்னா அடுத்தவருக்கு.”

ஜீப்பிலிருந்து இரண்டு தகடுகளை இறக்கிச் சுவரில் சாய்த்தார்கள். ஒன்றில் கண்ணாடிக்குள் கருநீல வட்டங்கள், புட்டா போட்டதுபோல வரிசையாக. மற்றதில் கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்திலும் நீலம் உடைந்து உடைந்து மின்னியது. தெருவே கூடி, முந்தானை பார்ப்பதுபோலத் தடவிப் பார்த்தது.

“எது நல்லது சார்?” என்று கேட்டார் பவுல்துரை.

“ரெண்டும் ஒரே அளவு கரண்டுதான் கொடுக்கும்.”

“அப்ப எதுக்கு சார் ரெண்டு?”

சக்கரவர்த்தி யோசித்தார். இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. “செய்யறவங்க ரெண்டு பேர்” என்றார்.

“கட்டம் போட்டதை எடு பவுலு. கட்டத்துக்குத்தான் இப்ப மவுசு” என்றார் ராஜவேலு, விற்கிற வாய் சும்மா இருக்குமா.

பவுல்துரை குனிந்து, உள்ளங்கையால் நிழல் கட்டி, சாய்வாகப் பார்த்தார். “திட்டுத்திட்டா கீது மொதலாளி. எவனோ முக்கிட்டு, கொப்பரையில கிளறாம உட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டான்.” வட்டம் போட்டதைத் தேர்ந்தெடுத்தார். அது ஒரே சீரான நிறம். பிறகு கேட்டார்: “இந்த நீலம் போவுமா சார்?”

“எங்க போகும்?”

“வெயில்ல சார். வெளுக்குமான்னு கேக்கறேன்.”

“வெயில்ல இருக்கிறதுக்குத்தானே செஞ்சதே. இருபது வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது.”

வேறு யாராயிருந்தாலும் திருப்தியாகி இருப்பார்கள். பவுல்துரைக்கு அந்த நிமிடம்தான் சந்தேகம் பிறந்தது. அவ்வளவு உறுதியாக அவரிடம் பேசிய முந்தைய ஆள் அரக்குப்பொடிக்காரன்.

தகட்டை மாடியில் தெற்கே பார்த்துச் சாய்வாகப் பொருத்தினார்கள். கீழே ஒரு பேட்டரி, ஒரு குட்டி டியூப் லைட். “நிழல் மட்டும் விழக் கூடாது” என்று சொல்லிவிட்டு சக்கரவர்த்தி ஜீப் ஏறினார். பவுல்துரை உடனே போய், மாடியை எட்டிப் பார்த்த முருங்கைக் கிளையை வெட்டினார். அன்று சாயந்தரம் கரண்ட் போனதும் தெருவில் அவர் வீட்டில் மட்டும் பால்போல வெளிச்சம். ஜெபராணி ஒரு வெளிர் ரோஜாப் பாவைக் கூச்சமில்லாமல் எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ‘வெயில் லைட்டு’ என்று தெரு பெயர் வைத்தது. பகலில் அடித்த வெயில் ராத்திரி எப்படி வருகிறது என்று பார்க்க வந்தவர்கள் பேட்டரியைச் சுற்றி வந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார்கள்.

பவுல்துரைக்கு மட்டும் வேறு கேள்வி. வெயிலைக் குடிக்கிறது அந்தக் கருநீலம்தான். நீலமே வெளுத்துவிட்டால் அப்புறம் எதைக் கொண்டு குடிக்கும்? இதற்கு அவருக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். நான்காம் நாள் காலையில் மாடிக்குப் போய், ஒரு கறுப்பு அட்டையைத் தகட்டின் கீழ்ப்பாதியில் வைத்து, கழிவு நூலால் இறுக்கிக் கட்டினார். நிழல் விழக் கூடாது என்று கிளையை வெட்டியவர்தான் இதைச் செய்தார். அவரைப் பொறுத்தவரை நிழல் என்பது தற்செயல், அட்டை என்பது பரிசோதனை. பாதி மூடினால் கரண்ட் பாதியாகும், அதில் குறைந்தது இரண்டு மணி நேரமாவது எரியும், ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். சிட்டத்தில் பாதியை மூடினால் மறுபாதிக்கு என்ன கேடு?

முதல் சில நாள் விளக்கில் ஒரு குறையும் தெரியவில்லை. பேட்டரியில் இருந்த சேமிப்பில் எரிந்தது. பவுல்துரைக்கு ஆச்சரியம். பாதிக்கே முழு வெளிச்சமா? பிறகு வெளிச்சம் சிவந்தது, துடித்தது, கடைசியில் ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே கண்ணை மூடிக்கொண்டது. பவுல்துரை ஆர்வத்தோடு ஆராய்ந்தார். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஒயரைத் துடைத்தார். மாடிக்குப் போய், அட்டை இல்லாத பாதியை வேட்டியால் பளபளவென்று தேய்த்தார். கோயில் மணிக்கூண்டு நிழல் விழுகிறதா என்று வெயிலில் நின்று பார்த்தார். அட்டைமேல் அவருக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. அதை வைத்த பிறகும் சில நாள் விளக்கு நன்றாக எரிந்ததே.

“இன்னாங்க, இது தெனமும் பேஜாராகீது” என்றாள் ஜெபராணி. “மாடியில போயி இன்னாதான் பாத்துகினு வரீங்க?”

“எல்லாம் சரியாத்தான் கீது.”

“சரியா இருந்தா எரியணும் இல்ல?”

அவள் மறுபடி அரிக்கேனை எடுத்தாள். கண்ணாடிக் கூண்டின்மேல் ஈரத்துணியைக் கட்டிப் பார்த்தாள், தூரமாக வைத்துப் பார்த்தாள். தூரமாக வைத்தால் இழை தெரியவில்லை, கிட்ட வைத்தால் கரி. அந்த வாரம் வந்த வெள்ளைப் பாவைத் தொட மனம் வராமல், மூடி வைத்துவிட்டு, பகலில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். தறிக்காரர் வந்து, பாவையும் அச்சையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம், மாதம் முடியுமுன்பே ஒரு தடவை பார்த்துப் போக ஜீப் வந்தது. ராஜவேலு செருப்பைப் போட்டபடியே எதிர்வீட்டிலிருந்து இறங்கி வந்தார். “தெருவே சொல்லுது சார், எரியலை சார். நான் எடத்தைக்கூட ஒழிச்சி வெச்சிட்டேன்.”

மூன்று பேரும் மூங்கில் ஏணியில் மாடி ஏறினார்கள். சக்கரவர்த்தி தகட்டைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பவுல்துரையைப் பார்த்தார்.

“இது என்ன?”

“டெஸ்ட்டு சார். வெளுக்குதான்னு.”

ராஜவேலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “யோவ் பவுலு! சோத்துக்கு உக்காந்துட்டு வாயை மூடிக்கினியே!”

சக்கரவர்த்தி சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து விளக்கினார்: “இந்த வட்டமெல்லாம் தனித்தனி இல்லீங்க. ஒண்ணோட ஒண்ணு வரிசையாக் கோத்திருக்கு. கழனி வாய்க்கால் மாதிரி வெச்சுக்குங்க. நடுவுல ஒரு எடத்துல மண்ணைப் போட்டா, பாதித் தண்ணியா வரும்? தண்ணியே வராது. நிழல் கூடாதுன்னேனே.”

பவுல்துரை வட்டங்களுக்கு நடுவே ஓடிய மெல்லிய வெள்ளிக் கோட்டை விரலால் தொடர்ந்து போனார். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு, வரிசை முடிந்ததும் திரும்பி அடுத்த வரிசைக்கு. “ஒரே இழை” என்றார். முகத்தில் வெட்கத்தைவிட சந்தோஷம்தான் அதிகம் தெரிந்தது.

சக்கரவர்த்தி அட்டையை அவிழ்த்தார். அந்த நிமிடம் மூவருக்கும் வந்த காரியம் மறந்துபோனது. மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

“கொஞ்சம் வெளுத்துத்தான் கீது” என்றார் ராஜவேலு. பிறகு, அது தன் வீட்டுக்கு வரப்போகிற தகடு என்பது நினைவுக்கு வந்து, “இல்ல இல்ல, ஒரே கலருதான்” என்றார்.

“வித்தியாசமே இல்லை” என்றார் சக்கரவர்த்தி.

“மாசம் முடியலை சார், இப்பவே சொல்லக் கூடாது” என்றார் பவுல்துரை.

கீழே இறங்கியதும் அதிகாரிக்குத் தன் உத்தியோகம் ஞாபகம் வந்தது. விளக்கு எரியவில்லை, விதிப்படி தகடு அடுத்தவருக்கு. அவர் தொண்டையைக் கனைப்பதற்குள் ஜெபராணி கதவருகே வந்து நின்றாள். மாடியில் பேசியது முழுவதும் அவள் காதில் விழுந்திருந்தது.

“சார், குத்தம் பண்ணது தகடா, இவரா?”

“இவர்தாம்மா.”

“அப்ப தகட்டை உட்டுட்டு இவரை ஜீப்புல தூக்கிகினு போங்க. அங்க ஒரு மாசம் வெச்சிப் பாருங்க. எரியலைன்னா மொதலாளிக்குக் குடுத்துடுங்க.”

“எனக்கு எதுக்கும்மா?” என்றார் ராஜவேலு, உண்மையான பயத்தோடு.

“எனக்குக் கையில இருந்த வேலை போயிகினு கீது சார். நேத்து ஒரு வெள்ளைப் பாவு திரும்பிப் போச்சி. இவரு நீலம் போவுதான்னு பாத்துகினு இருக்காரு.” அவள் குரல் உயரவில்லை. பவுல்துரை தரையைப் பார்த்தார். பாவு திரும்பிப் போன செய்தியை அவள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

சக்கரவர்த்தி சற்று நேரம் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். “அந்த வெளக்குல வேலை செய்யறது நீங்கதானே?”

“ஆமா சார்.”

“உபயோகப்படுத்தறவங்க பேர்லதான் தகடு இருக்கணும். இவர் பேர்ல கொடுத்ததே தப்பு. உங்க பேர்ல புதுசாக் கொடுக்கறேன். மாசம் இன்னிக்கி ஆரம்பம்.”

“அப்டி ஒரு ரூல் கீதா சார்?” என்று கேட்டார் ராஜவேலு.

“இருக்கும்” என்றார் சக்கரவர்த்தி. ஒரு திட்டம் தோற்றது என்று எழுதுவதைவிட, இன்றுதான் தொடங்கியது என்று எழுதுவது சர்க்கார் உத்தியோகத்தில் சுலபம். ஜீப்பில் ஏறுமுன் ஒரு நிபந்தனை போட்டார்: பவுல்துரை ஒரு மாதத்துக்கு மாடி ஏறக் கூடாது. அவர் ஒத்துக்கொண்டார். சோதனைச் சிட்டங்களைக்கூட ஜெபராணிதான் இனி கட்ட வேண்டும்.

ஜெபராணி அன்றே தறிக்காரர் வீட்டுக்கு நடந்துபோய், வெள்ளைப் பாவைக் கேட்டாள். அவர் அதை இன்னும் யாரிடமும் கொடுத்திருக்கவில்லை. “லைட்டு எரியட்டும், அப்பறம் வா” என்றார்.

மறுநாள் விடிந்ததும் அவள் ஒரு துணியோடு ஏணியில் ஏறினாள். பவுல்துரை அடியில் நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலே வெகுநேரம் சத்தமில்லை.

“இன்னா பண்றே?”

“பாத்துகினு இருக்கேன்.”

“இன்னாத்தை?”

“நீங்க மூடி வெச்சிருந்த பக்கம் கொஞ்சம் வேற கலரா தெரியுதுங்க.”

பவுல்துரையின் வலது கால் தானாக முதல் படியில் ஏறியது.

“ஏறாதீங்க.”

கால் அங்கேயே நின்றது. “வெயில்ல பாக்காதே. கையால நெழல் கட்டிகினு, சாய்ச்சிப் பாரு.”

மேலே துணி தேய்க்கிற சத்தம் கேட்டது. “தூசிங்க” என்றாள் ஜெபராணி. “தொடைச்சா போயிடுச்சி.”

“முழுசா போயிடுச்சா?”

“சாயந்தரம் கரண்ட் போவட்டும். எரியுதான்னு மொதல்ல பாப்போம்” என்று சொல்லிக்கொண்டே அவள் இறங்க ஆரம்பித்தாள்.