கடைப் பெயர் போட்ட மணிக்கூடு

நாங்கள் வந்து குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் பங்குக் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் ஆண்டுதோறும் பழைய சாமான் விற்பார்கள். அங்கேதான் அந்த இரண்டு எலார்ம் மணிக்கூடுகளையும் வாங்கினேன். வெண்ணெய் நிறப் பிளாஸ்டிக் கூடு, சுவரில் செருகும் வயர், இருட்டில் மெல்லிய வெளிச்சம் தரும் முகம். பன்னிரண்டுக்குக் கீழே ஒரு பெயர். செய்த கொம்பனியின் பெயர் என்றுதான் நினைத்தேன். மனைவிதான், அது முன்பு இங்கே இருந்த மலிவு விலைக் கடையின் பெயர் என்றாள். அவள் வேலை செய்யும் தையல் தொழிற்சாலையில் பழைய ஆட்கள் இன்னும் அந்தக் கடையைப் பற்றிக் கதைப்பார்களாம்.

"கடைக்காரன் எப்பிடி மணிக்கூடு செய்வான்?" என்று கேட்டேன்.

"அதை அவனிட்டையே போய்க் கேளுங்கோ. கடை பூட்டிக் கனகாலம்."

ஒன்றை எங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். விடிய முதல் ஜான்-டலோன் சந்தைக்கு மரக்கறிப் பெட்டி இறக்கப் போகும் என்னை அது ஒருநாளும் கைவிடவில்லை. மற்றதை நீர்கொழும்பில் இருந்த அண்ணைக்கு அனுப்பினேன். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து போன அவருக்கு அங்கே ஒரு கோயிலில் விடியற்காலை கதவு திறந்து மணி அடிக்கும் வேலை கிடைத்திருந்தது. வேலையோடு வளவுக்குள் ஓர் அறையும். வேலை போனால் அறையும் போகும். அண்ணைக்கும் அண்ணிக்கும் வேறு இடமில்லை.

அது போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். ஊருக்குப் போய்வருகிற ஆட்கள் நிறைய. ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அங்கே கறண்டின் பலம் கூட, இங்கத்தைச் சாமானை அப்படியே செருகினால் எரிந்துவிடும் என்பது நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் பலத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் ஒன்றையும் சேர்த்தே அனுப்பினேன்.

கொஞ்ச நாளில் அண்ணை ரெலிபோன் எடுத்தார்.

"டேய், என்னடா அனுப்பினனி? பூசைக்கு வந்த சனம் பூட்டின கதவுக்கு வெளியிலை நிண்டு முழுச் செபமாலையும் சொல்லி முடிச்சிட்டுது. உன்ரை மணிக்கூடு அடிக்கப் பிந்திப்போச்சு, நான் இஞ்சை குறட்டை."

"கறண்ட் போயிருக்கும், அண்ணை."

"போகேல்லையடா. நான்தான் பிழையா வைச்சனெண்டு அடுத்த நாளும் அதையே நம்பினன். திரும்பவும் அதே கதை. இன்னொருக்கா நடந்தா வேற ஆளைப் பாக்கிறனெண்டு பங்குச் சுவாமி சொல்லிப்போட்டார்."

பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "மலிஞ்ச கடைச் சாமானெண்டு சொல்லுங்கோ."

போனை வைத்த பிறகும் யோசனை விடவில்லை. இரண்டும் ஒரே மேசையில் வாங்கியவை. முகத்தில் ஒரே பெயர். இங்கே இருப்பது நேரம் தவறுவதில்லை. அங்கே போனது மட்டும் ஏன் பிந்துகிறது? எங்கள் மணிக்கூட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சின்ன எழுத்தில் கறண்டின் பலம் போட்டிருந்தது. அது எனக்கு விளங்கும். பக்கத்தில் அறுபது என்று இன்னோர் இலக்கம். அது விளங்கவில்லை. அன்று செபமாலை சொல்லும்போதும் அந்த அறுபது குறுக்கே வந்து நின்றது. மாதா பொறுத்துக்கொள்வா.

ஞாயிறு பூசை முடிந்ததும் மணிக்கூட்டை ஒரு பையில் போட்டு, சாமான் விற்பனையை நடத்தும் பிரெஞ்சுக்காரப் பெண்மணியிடம் கொண்டுபோனேன். நாங்கள் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். பெயரைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கடையில்தான் வேலை செய்தவராம். பழுதென்று சனம் திருப்பிக் கொண்டுவருவதை வாங்கும் மேசையில்.

என் அரைகுறைப் பிரெஞ்சுக்கு ஏற்றபடி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடை தானாக ஓர் ஆணிகூடச் செய்ததில்லை. பெரிய மணிக்கூட்டுக் கொம்பனியிடம் மொத்தமாக வாங்கும்போது, முகத்தில் தன் பெயரை அச்சடித்துத் தரச் சொல்லும். அதே இயந்திரம் நகர நடுவிலுள்ள பெரிய கடையில் வேறு பெயரோடு கூடிய விலைக்கு நிற்குமாம். சோப்பு, சொக்ஸ், ரேடியோ எல்லாமே இப்படித்தான். மணிக்கூட்டில் ஒரு குறையும் இல்லை என்று உறுதியாகச் சொன்னார்.

அப்படியென்றால் இலங்கையில் ஏன் பிந்துகிறது என்று கேட்டேன். மதாம் சிரித்தார். லீவுக்கு ஊருக்குப் போகும் இத்தாலியர்களும் இதையும் ஒரு ட்ரான்ஸ்போமரையும் உறவினருக்குக் கொண்டுபோவார்களாம். திரும்பி வரும்போது நேரே அவருடைய மேசைக்குச் சண்டைக்கு வருவார்களாம். கடையில் திருத்த வேலை பார்த்தவர் சொன்ன விளக்கம் அவருக்கு மறக்கவில்லை. இந்த மணிக்கூடு கறண்டின் துடிப்பை வைத்தே முள்ளை நகர்த்துகிறது. இங்கே செக்கனுக்கு அறுபது துடிப்பு, அங்கே ஐம்பது. ட்ரான்ஸ்போமர் பலத்தைக் குறைக்கும், துடிப்பைத் தொடாது. அதனால் மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் பிந்தும்.

உலகமெல்லாம் ஓடுவது ஒரே கறண்ட், பலம்தான் வேறு என்று அதுவரை நினைத்திருந்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது, தலைக்கு மேலே போகும் வயர்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்றே அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அதைச் சுவாமியின்ரை கைமணிக்கூட்டுக்குப் பக்கத்திலை ஒரு மணித்தியாலம் வைச்சுப் பாருங்கோ. பத்து நிமிசம் பிந்தும்."

"பெட்டி இறக்கப் போனவன் எப்ப விஞ்ஞானியானவன்?"

"பகிடியை விடுங்கோ, அண்ணை. சுவாமியையும் இருந்து பாக்கச் சொல்லுங்கோ. உங்களிலை பிழையில்லையெண்டு அவருக்குத் தெரியவேணும்."

அடுத்த நாள் அண்ணிதான் கதைத்தார். சுவாமி தேத்தண்ணி ஆறிப்போகும்வரை இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். சொன்னபடியே பத்து நிமிடம். பிறகு தன் அறையிலிருந்து முறுக்கி ஓட விடும் பழைய மணிக்கூடு ஒன்றை எடுத்துக் கொடுத்து, "கோயில் திறப்புக் கொத்து உங்களிட்டையே இருக்கட்டும்" என்றாராம்.

"அப்ப அண்ணை இனி நிம்மதியாப் படுப்பார்" என்றேன்.

"எங்கை படுக்கிறார்? அது அடிக்க முதலே எழும்பி, அடிக்குதோ எண்டு அதுக்கு முன்னாலை குந்திக்கொண்டிருக்கிறார்."