கித்தாரின் முதுகு

நேற்றுக் கடையொன்றில் பழைய கித்தாரின் மர வாசம் முகத்தில் அடித்ததும், சண்டைக் காலத்தில் புளியந்தீவு வாவிக்கரையில் நின்று, பிறகு தடமில்லாமல் போன அந்தத் தகரக் கொட்டகை கண்முன்னே வந்து நின்றது. தானே பாட்டுக் கட்டிப் பாடுகிற ரீச்சர் ஒருவர், காது கேளாத பிள்ளைகளுக்காக நடத்திய பள்ளிக்கூடம் அது.

ஆமிக்காரன் ‘நில்’ என்றால் காது கேளாத என் தங்கச்சிக்குக் கேட்காது என்று பயந்து, அம்மா அவளை வீட்டுப் படலைக்கு வெளியே தனியே விட்டதில்லை. பள்ளியைப் பார்க்க மட்டும் எங்களைக் கூட்டிப்போன அன்று, “செவிட்டுப் பிள்ளைக்குப் பாட்டு எதுக்கு ரீச்சர்?” என்று கேட்டாள்.

ரீச்சர் சிரித்தபடி கித்தாரின் முதுகைத் தங்கச்சியின் நெஞ்சோடு சேர்த்துவைத்துத் தந்தியை மீட்டினார். தங்கச்சியின் கண்கள் விரிந்தன. கால் தானாகத் தாளம் போட்டது. சும்மா சொல்லக்கூடாது, நான் மூச்சுவிட மறந்து நின்றேன்.

“நானே வீட்டுக்கு வந்து, ஆமிச் சாவடியில கையப் பிடிச்சிக் கூட்டி வாறன், அக்கா,” என்றார் ரீச்சர், அம்மாவின் பயத்தை அறிந்தவர்போல.

அம்மா தங்கச்சியின் தாளம் போட்ட காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நாளைக்கு எத்தினை மணிக்கு வருவீங்க ரீச்சர்?”