பாகூர் கல்வெட்டில் கதிர் தேடிய எழுத்துகள்

சென்ற பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை பாகூருக்குப் போனோம். காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மகன் கதிருக்கு ஏழு வயது முடிந்தும் வாசிக்க வரவில்லை. வில்லியனூரில் எங்கள் தெருவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது நான் ஒருத்திதான். பார்க்கிறவர்கள் எல்லாம் "பையன் படிக்கிறானா?" என்றுதான் கேட்பார்கள். புத்தகத்தைத் திறந்தாலே அவனுக்குத் தண்ணீர் தவிக்கும், வயிறு வலிக்கும், ஒன்றுக்கு வரும். என் கணவரும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஜூன் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள வரலன்னா ஸ்கூல்ல சேத்துடலாம்" என்று சொல்லிவிட்டார். நியாயமான பேச்சுதான். ஆனாலும் எனக்குத் தூக்கம் போயிற்று.

வரலாற்றுப் பாடம் மட்டும் எங்கள் வீட்டில் ஜாலியாக நடக்கும். களிமண்ணில் ஏரி கட்டி மதகு வைப்போம், ஓலை நறுக்கி ஆணியால் கீறுவோம். அந்த வரிசையில் அடுத்தது கல்வெட்டு. பாகூர் மூலநாதர் கோயில் சோழர் காலத்துக் கற்கோயில், சுவரெல்லாம் எழுத்து. இதைவிடப் பெரிய புத்தகம் வேறு எங்கே கிடைக்கும் என்று கிளம்பிவிட்டேன்.

காலை 6.40க்கு ரகு அண்ணனின் ஆட்டோ. கரிக்கலாம்பாக்கம் வழியாக அவர் கணக்கில் பதினாறு கிலோமீட்டர். போகவர, காத்திருக்க எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய். பஸ்ஸும் உண்டு, ஆனால் இரண்டு வாண்டுகளோடு மாறி மாறி ஏறி இறங்க என்னால் ஆகாது. வழியெல்லாம் நெல்லும் கரும்பும். கரும்பு லாரி ஒன்றின் பின்னாலேயே கால் மணி நேரம் ஊர்ந்தோம். என் ஐந்து வயது மகள் வெண்ணிலா லாரியிலிருந்து கரும்பு விழும் என்று கையை நீட்டிக்கொண்டே வந்தாள்.

7.30க்குக் கோயிலில் இருந்தோம். வார நாள் என்பதால் ஆளே இல்லை. அடித்தளத்தில் விரலளவு ஆட்டக்காரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு வளைவு, ஒரு துள்ளல். வெண்ணிலா அதைப் பார்த்து அங்கேயே ஆட ஆரம்பித்துவிட்டாள். உளி பிடித்த கை எப்பேர்ப்பட்ட கையாக இருந்திருக்கும்! நான் கொஞ்ச நேரம் பாடத்தையே மறந்துபோனேன்.

பிறகுதான் என் மகா புத்திசாலித்தனம். எழுத்து மங்கலாக இருக்குமே என்று வீட்டிலிருந்து அரிசி மாவு கொண்டுபோயிருந்தேன். கோலம் போடுகிற வீட்டில் வேறு என்ன யோசனை வரும்? கல்லில் ஒரு கைப்பிடி தேய்த்திருப்பேன், பிரகாரம் பெருக்கிக்கொண்டிருந்த செல்வி அக்கா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்தார்.

"இன்னாம்மா பண்ற? கல்லுல போய் மாவ அப்புற? எறும்பு மொய்க்கும், ஈரம் பட்டா அப்பிக்கும். புள்ளைங்களும் இதத்தான கத்துக்கும்?"

எனக்கு முகம் செத்துவிட்டது. வாய்க்கு வாய் பதில் சொல்கிறவள் நான். அன்று மாவுப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் திணித்தேன். அவரே ஈரமில்லாத துணி ஒன்றைக் கொடுத்து, அழுத்தாமல் ஒற்றி எடுக்கச் சொன்னார். துடைத்து முடித்ததும் கோபமும் போய்விட்டது அவருக்கு.

"எழுத்து தெரியணும்னா நேரா நிக்காத. செவுத்தோரமா தலைய சாச்சிப் பாரு. வெயிலு சாய்வா வுழும்போது தானா தெரியும். நான் தெனம் பாக்குறேன்ல."

தெற்குச் சுவரில் அப்போதுதான் வெயில் பக்கவாட்டாக ஏறிக்கொண்டிருந்தது. தலையைச் சாய்த்தேன். ஆயிரம் வருஷத்து வரிகள் வரிசையாக எழுந்து நின்றன.

"அம்மா, இது ப. இது ட. இது ம மாதிரி இருக்குல்ல?" கதிர்தான். கல்லைத் தொடாமல் விரலைக் காற்றில் ஓட்டிக்கொண்டு போனான். "புள்ளியெல்லாம் எங்கம்மா போச்சு?"

"தெரியலடா."

"இது இன்னா எழுத்து?"

"அதுவும் தெரியலடா கண்ணு."

"அப்ப நானே சொல்றேன். இது ய."

சரியா தவறா, எனக்கு இன்றுவரை தெரியாது. நாற்பது நிமிடம் நின்றான். தண்ணீர் கேட்கவில்லை. வயிறு வலிக்கவில்லை. தெரிந்த எழுத்துகளை நோட்டில் எழுதி எண்ணினான்: பதினொன்று. நான் தூணுக்குப் பின்னால் போய் அழுதேன், அவ்வளவுதான்.

பஸ் நிலையம் பக்கத்தில் இட்லி சாப்பிட்டு, ஏரிக்கரைக்குப் போனோம். ஊசுட்டேரிக்கு அடுத்து புதுச்சேரியில் பெரிய ஏரி இதுதான். நாரைகள் நின்றன. மதகைக் கண்டதும் இரண்டு பேருக்கும் தங்கள் களிமண் ஏரி ஞாபகம் வந்து ஒரே சண்டை. பத்தரைக்குத் திரும்பினோம்.

ஆட்டோவில் கதிரிடம் கேட்டேன். "கல்லுல இருக்குறத அவ்ளோ நல்லா படிக்கிற. புக்ல இருக்குறத ஏன்டா படிக்க மாட்ற?"

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். "புக்ல இருக்குறது உனக்குத் தெரியும்மா. நான் தப்பா சொன்னா உன் மூஞ்சி மாறிடும். கல்லுல இருக்குறது உனக்கும் தெரியலல்ல."

ரகு அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, நல்ல மனிதர், சாலையைப் பார்த்து ஓட்டினார். அவன் சொன்னது சத்தியம். நான் முன்கோபி. திட்டுவதில்லை, அடிப்பதில்லை என்று பெருமை வேறு பட்டுக்கொண்டிருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டு மணிக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் எழுத்து மறைந்துவிடும். மதியம் நடை சாத்துவார்கள். தொப்பி, தண்ணீர், கோடு போடாத நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மாவு, சுண்ணக்கட்டி எதுவும் வேண்டாம். கல்வெட்டைப் பற்றி முன்கூட்டியே படித்து மேதாவியாகப் போகாதீர்கள். பிள்ளைகள் கேட்டால் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். முதல் தடவை கஷ்டமாக இருக்கும்.

ஜூன் மாதம் என்ன ஆகும் என்று இப்போதும் தெரியாது. கதிர் வாசிக்கும் நேரத்தில் நான் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்கிறேன். நேற்று ஒரு பக்கம் முழுதாக முடித்தான். நடுவில் இரண்டு தப்பு. நான் திரும்பவில்லை.