மூன்று நாள் மருந்து

என் மகள் சுகன்யாவுக்கு அப்போது நாலு வயது. ஒருநாள் காலையில், “அப்பா, ஒண்ணுக்குப் போனா எரியுது” என்றாள். மாலையில் குளிர்க் காய்ச்சல் வந்தது. எனக்கு அது புதிதில்லை. அந்த வருடத்தில் நாலாவது தடவையோ, ஐந்தாவது தடவையோ.

திருமங்கலத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். சீட்டு இல்லாமல் வருகிறவர்களுக்கும் மருந்து சொல்லும் அளவுக்கு எனக்குப் பேர் இருந்தது. முதல் தடவை டாக்டர் எழுதிய சிரப்பையே ஒவ்வொரு தடவையும் மகளுக்குக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிடும், நிறுத்திவிடுவேன். பச்சைப்பிள்ளைக்கு எதற்கு வீணாக மருந்து என்று நினைப்பு.

இந்தத் தடவை காய்ச்சல் இறங்கவில்லை. வேறு மருந்துக்கு மாற்றினேன். ஐந்தாம் நாள் வாந்தி எடுத்து, விலாவைத் தொடவிடாமல் சுருண்டு படுத்தாள். என் மனைவி ராணி பையில் துணிகளை எடுத்து வைத்தாள். பஸ் பிடித்து மதுரைக்குப் போனோம்.

அங்கே குழந்தைகள் டாக்டரம்மா சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்து, எந்த மருந்தில் சாகிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்து அனுப்பிவிட்டு, உடனே ஒரு ஊசி மருந்தைத் தொடங்கினார். மூன்றாம் நாள் தாள் வந்தது. வரிசையாக மருந்துப் பெயர்கள். எல்லாம் நான் தினமும் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆர்’ (கிருமி அந்த மருந்துக்கு அடங்காது). கடைசியில் இரண்டு ஊசி மருந்துகளுக்கு மட்டும் ‘எஸ்’ (அடங்கும்).

“இதுக்கு முன்னாடி யார்கிட்ட காமிச்சீங்க?”

“நான்தான் மேடம் குடுத்தேன். மெடிக்கல்ல வேலை பாக்குறேன்.”

“எத்தனை நாள் குடுப்பீங்க?”

“மூணு நாள். காய்ச்சல் விட்டதும் நிறுத்திருவேன்.”

அவர் பேனாவை மூடினார். “காய்ச்சல் விட்டாலும் கிருமி முழுசாப் போயிருக்காது. சாகாம நின்னதுதான் திரும்பத் திரும்பப் பெருகியிருக்கு.”

திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஏதாவது உறைத்திருக்குமோ என்னவோ. தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் ஊசி. நாலாம் நாளுக்குப் பிறகு சுகன்யா அழுவதை விட்டுவிட்டாள். நர்ஸ் வந்தால் அவளாகவே கையை நீட்டினாள்.

“ஊருக்கே மருந்து குடுத்தீங்க. உங்களுக்குத் தெரியலையா?” என்று ராணி ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“தெரியல” என்றேன். உண்மைதான். பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

காய்ச்சல் போனது. சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் வடு தெரிந்தது.

“அது ஆறாதா மேடம்?”

“வடுன்னாலே ஆறுனதுதான். அந்த இடம் இனிமே வேலை செய்யாது. மத்த இடம் செய்யும்.”

உங்கள் பிள்ளைக்கும் இப்படி வந்திருந்தால், டாக்டர் எழுதிக் கொடுத்த அத்தனை நாளும் மருந்தைக் கொடுங்கள். திரும்ப வந்தால் பழைய பாட்டிலைத் தேடாதீர்கள். சோதனை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

சுகன்யா இப்போது ஏழாம் வகுப்பு. அந்த வடுவால் ஏறலாம் என்று வருடத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்க்கிறோம். சிறுநீரை அடக்கக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை போகவேண்டும் என்றார் டாக்டரம்மா. அவள் அதைப் பழக்கமாக்கிவிட்டாள். எனக்குத்தான் பகல் முழுக்க இரண்டிரண்டு மணி நேரமாகக் கழிகிறது. பதினோரு மணிக்குக் கடையில் கை நின்றுவிடும், போயிருப்பாளா என்று.

அவளுக்கு வலி எதுவும் இல்லை. ஓடுகிறாள், கயிறு தாண்டுகிறாள். நான் கீழ்த்தட்டில் மருந்தெடுக்கக் குனியும்போது கை தானாக என் இடது விலாவுக்குப் போகிறது. அழுத்திப் பார்க்கிறேன். அங்கே ஒன்றும் இல்லை.