கதவுக்குள் விழுந்த தாலி

எங்கள் காரின் பின்பக்க இடது கண்ணாடி ஒரு சனியன். நகரத்தில் இருந்த ஒரு துரை பிரான்சுக்குக் கப்பலேறும்போது அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போன பழைய கார் அது. கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. ஏறினாலும், சக்கரம் பள்ளத்தில் இறங்கியதும் பொத்தென்று கதவுக்குள் விழும். அப்பா ஒரு மர ஆப்பைச் சீவிக் கதவோரம் செருகி வைத்திருந்தார். அதனால் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற சந்து. அந்தச் சந்துதான் என் அண்ணன் கல்யாணத்தையே விழுங்கப் பார்த்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் நானும் அம்மாவும் நகரத்துக்குப் போய் ஆசாரியிடம் தாலியை வாங்கினோம். வரும் வழியில் உறுவையாற்றில் பெண்ணை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊரான பாகூருக்கு வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. வண்டி ஓட்டியது அப்பா. நான் கல்யாணமாகி வேறு ஊர் போனவள், நாத்தனார் முடிச்சுப் போட வந்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு கூத்து உண்டு. பிரெஞ்சுக்காரன் ஊரிலிருந்து பிரெஞ்சுக்காரன் ஊருக்குப் போகவே நடுவில் ஒரு துண்டு இங்கிலீஷ்காரன் சீமையைத் தாண்ட வேண்டும். அங்கே ஒரு சுங்கச் சாவடி. ஊரையே வாயால் அடக்குகிற என் அம்மாவுக்கு அந்தச் சாவடியைக் கண்டால் மட்டும் குலைநடுக்கம். புதிதாக எது பளபளத்தாலும் சிப்பாய் பிடுங்கிக்கொள்வான் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். "நம்ம பொருளு, காட்டிட்டுப் போனா முடிஞ்சிது" என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அம்மா காதில் ஏறினால்தானே.

சிப்பாய் வண்டியை நிறுத்தி அப்பாவிடம் ஏதோ கேட்டான். பிறகு பின்பக்கம் வந்தான். அம்மா மடியிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தாள். அதற்குள்தான் தாலி. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அதை அந்தச் சந்துக்குள் தள்ளிவிட்டாள். உள்ளே தகரத்தில் டிங்கென்றது. சிப்பாய் பூக்கூடையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

நான் வாயைத் திறக்குமுன் அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"மூச்சு வுட்டியானா கொன்னுடுவேன். வூட்டுக்குப் போயி உங்கண்ணங்கிட்ட சொல்லி நைசா எடுத்துக்கலாம்" என்றாள், அப்பா காதில் விழாமல்.

"பொழுது வெடிஞ்சா தாலி கட்டணும்மா."

"இன்னும் வெடியலல்ல. கம்முனு வா."

உறுவையாற்றில் பெண்ணைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். முதல் முதலாகக் காரில் ஏறுகிறாள், குமட்டினால் காற்று வேண்டும் என்று அவளுடைய அம்மாவே அந்தச் சன்னலோரத்தில் உட்கார வைத்துவிட்டாள். நான் என்ன சொல்ல முடியும்? கொஞ்ச தூரம் போவதற்குள் பெட்ரோல் நாற்றத்தில் அவள் முகம் வெளிறிவிட்டது. கை கைப்பிடிக்குப் போனது. நான் பாய்ந்து பிடித்தேன்.

"தொடாதீங்க அண்ணி."

நான் அவளோடு பேசிய முதல் வார்த்தையே இதுதான். இது என்ன மாதிரி வீடு என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"வாந்தி வருது" என்றாள் மெதுவாக. பாவம், கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. நான் முந்தானையை நீட்டுவதற்குள் அடுத்த குமட்டல். ஆப்பை ஒரே பிடுங்காகப் பிடுங்கிவிட்டு, இருந்த பலத்தையெல்லாம் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினாள்.

கதவுக்குள் நறுக்கென்றது. கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கழுத்தில் ஏறுமுன்பே தன் தாலியைத் தானே அறுத்துவிட்டாள் என்றல்லவா ஊர் சொல்லும்? அந்தப் பேச்சு ஒரு பெண்மேல் விழுந்துவிட்டால் அப்புறம் அவள் எப்படிப் பிழைப்பாள்?

வீட்டு வாசலில் பந்தலும் உறவுமாக நிறைந்திருந்தது. வண்டியை விட்டு இறங்கியதும் அப்பாவின் கண் நேராகப் பாதியில் நின்ற கண்ணாடிமேல்தான் போனது.

"நாளைக்கு ஊர்வலம் போற வண்டி, இப்பிடியா நிக்கறது?" என்று திருப்புளியோடு உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப இன்னாத்துக்கு அது? அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள் அம்மா. அவர் யார் பேச்சைக் கேட்டார்? திருகாணிகளைக் கழற்றிக் கதவின் உள்தகட்டை எடுத்து வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டார். கை சிவப்பாக வெளியே வந்தது. அறுத்துக்கொண்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அது குங்குமம். விரித்த உள்ளங்கையில் பாதித் தாலி. மீதிப் பாதி கண்ணாடியை ஏற்றி இறக்குகிற பல்சக்கரத்தில் சிக்கி நசுங்கியிருந்தது.

தவில்காரன்கூட நிறுத்திவிட்டான்.

"அய்யோ, தாலி துண்டாப் பூட்ச்சே" என்று மாரில் அடித்துக்கொண்டாள் அப்பாவின் அக்கா. "கைப்புடியச் சுத்துனது யாருடி?"

ஆரத்திக்காக வாசலில் நின்ற கல்யாணப் பெண் தன் வலது கையையே பார்த்தாள். உதடு பிரிந்தது. சொல்லிவிடப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான்தான்" என்றாள் அம்மா. "உள்ள போட்டதும் நான், சுத்துனதும் நான். என் கழுத்துல இருக்கறது கெட்டியாத்தான இருக்குது? அப்பறம் ஏன் எழவு வூடு மாதிரி நிக்கிறீங்க? மஞ்சக் கெழங்க கவுத்துல கட்டுனா அதுவும் தாலிதான். ஆரத்திய எடுத்தாங்கடி."

நான் திகைத்துப் போனேன். உப்பைக்கூட அளந்து கொடுக்கிற என் அம்மாவா இது? வண்டி ஓட்டிவந்த அப்பாவுக்கு யார் சுற்றியது என்று நன்றாகத் தெரியும். அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மஞ்சள் கிழங்குதான் ஏறியது. போட்ட முடிச்சை நான் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், மாடு செத்தாலும், அத்தையின் வாயில் அம்மாதான் விழுந்தாள். அம்மா ஒரு நாளும் அண்ணியைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மறுவீட்டுக்கு உறுவையாறு போனோம். அப்பா பல்சக்கரத்தைத் துடைத்து, விளக்கெண்ணெய் விட்டு, கண்ணாடியைச் சரிசெய்திருந்தார். அண்ணி அதே சன்னலோரம். முகம் வெளிறி, வியர்த்து வழிகிறது, ஆனாலும் இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கோத்து வைத்திருக்கிறாள். அம்மா என்னைத் தாண்டிக் குனிந்து அந்தக் கைகளைப் பிரித்தாள்.

"சுத்துடி. இப்ப உள்ள ஒண்ணுமில்ல."

அண்ணி அம்மாவையே பார்த்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினாள்.